முள்ளு விழுற இடம்

முந்தாநாள் ராத்திரி 11 மணிக்கு மேலதான் மும்முனைக் கரண்டு வந்துச்சு. டார்ச் லைட்டைப் பிடிச்சுக்கிட்டு கிணத்து மேட்டுக்குப் போயி ஸ்டார்ட்டர்ல பச்சைப் பொத்தானை அமுக்கினேன். அம்மீட்டர் முள்ளு ஒரே தாவா மேல போச்சு, திரும்பி இறங்கி ஒரு இடத்துல நின்னுச்சு. நின்ன இடத்தைப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு, தண்ணி ஏறுது. முள்ளு இறங்காம மேலயே நின்னா காயில் போச்சுன்னு அர்த்தம். ரொம்பக் கீழ இறங்கினா பம்புல காத்து வாங்குது, தண்ணி இல்ல. குழாய் வாயைப் போய்ப் பார்க்க வேண்டியதே இல்ல.

இந்த முள்ளுப் பார்க்குற வித்தை எனக்கு விவசாயத்துல வந்தது இல்ல. அருப்புக்கோட்டையில ஒரு மைக் செட் கடையில வந்தது. அந்தக் கடை அண்ணாச்சியைப் பத்தியும், அவர் கையில இருந்த 807ங்கிற வால்வைப் பத்தியும், நம்ம நாட்டுல ரேடியோ வந்த கதையைப் பத்தியும் எழுதணும்னு ரொம்ப நாளா நெனப்பு. நம்ம பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவங்க, "என்ன இவன் பருத்தி, உளுந்துன்னு எழுதிட்டு இருந்தவன் ரேடியோவுக்குத் தாவிட்டான்"னு நெனைக்க வேண்டாம். கடைசியில கமலைக்கும் வருவேன்.

ரேடியோன்னா ஆகாசவாணி, ஆகாசவாணின்னா சர்க்கார். எங்க தலைமுறைக்கு அப்படித்தான் பதிஞ்சிருக்கு. வீட்டுல ரேடியோப் பெட்டி வச்சிருந்தா தபாலாபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணும், சின்னப் புத்தகத்துல வில்லை ஒட்டித் தருவாங்க. அதனால ரேடியோவை ஆரம்பிச்சதும் சர்க்கார்தான்னு நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். அது தப்பு. இந்தியாவுல முதன்முதலா அமெச்சூர் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக் கம்பியில்லாத் தந்தி வச்சிக்கிறதுக்கு லைசென்ஸ் வாங்கினவர் அமரேந்திர சந்திர குப்தா. வருஷம் 1921. அவருக்குக் கொடுத்த அடையாள எழுத்து 2ஜேகே. 1923ல பம்பாய் ரேடியோ கிளப் நிகழ்ச்சிகளை ஒலிபரப்ப ஆரம்பிச்சது, அதே வருஷம் கல்கத்தாவுல இன்னொரு கிளப். எல்லாமே கிளப்புதான், ஆர்வக்கோளாறு பிடிச்ச ஆளுங்க கைக்காசு போட்டு நடத்தினது.

நம்ம மெட்ராஸ் கதை இதுல தனி. சி.வி.கிருஷ்ணசாமி செட்டிங்கிறவர் இங்கிலாந்துல எலெக்ட்ரிக்கல் படிச்சிட்டு வரும்போது டிரான்ஸ்மிட்டருக்கு வேண்டிய சாமான்களைக் கூடவே கொண்டு வந்தார். தன் கையாலேயே அதைப் பூட்டினார். 1924 மே 16ல மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப்னு ஒண்ணு உருவாச்சு. ஜூலை 31ம் தேதி ஒலிபரப்பு தொடங்கிச்சு. அந்த டிரான்ஸ்மிட்டரோட சக்தி 40 வாட்ஸ். நல்லாக் கவனிங்க, 40 வாட்ஸ். நம்ம மாட்டுக் கொட்டகையில தொங்குச்சே குண்டு பல்பு, அவ்வளவுதான். அந்த ஒரு பல்பு வெளிச்சத்துக்கு ஆகுற சக்தியை ஆகாசத்துல ஏத்தி விட்டுத்தான் மெட்ராஸ் ஜனங்களுக்குப் பாட்டும் பேச்சும் கேக்க வச்சாங்க. பின்னாடி 200 வாட்ஸ் ஆக்கினாங்க.

அந்தக் காலத்து வால்வுக்குள்ள இருந்தது டங்ஸ்டன் இழை. பல்பு மாதிரியே வெள்ளையா எரியும், பக்கத்துல உக்காந்து புத்தகம் படிக்கலாம். இப்ப ஆயிரக்கணக்கான வாட்ஸ் ஸ்டேஷனை ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்குது. அன்னைக்கு டிரான்ஸ்மிட்டர் வச்சிருந்த ஒவ்வொருத்தரும் கையால குமிழைத் திருகி, ஏரியல் கம்பிக்குப் போற கரண்டை ஒரு மீட்டர்ல பார்த்து, முள்ளு எந்த இடத்துல உச்சிக்குப் போகுதுன்னு பிடிச்சு நிறுத்தணும். கொஞ்சம் விலகினா சக்தி ஆகாசத்துக்குப் போகாது, வால்வுக்குள்ளேயே சூடா நின்னுரும். வால்வு கப்பல்ல வரணும்.

அந்த கிளப் மூணு வருஷம் தாக்குப் பிடிச்சது. 1927 அக்டோபர்ல பணம் இல்லாம நின்னு போச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க ஊர் ஞாபகம்தான் வந்துச்சு. பாலவனத்தம்னா ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரைத்தான் வெளியூர்க்காரங்க சொல்லுவாங்க. 1901ல மதுரையில தமிழ்ச் சங்கம் கண்டவர். வ.உ.சி.யோட சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பணம் கொடுத்து அதுக்குத் தலைவராவும் இருந்தவர். சங்கம் நிலைச்சது, கப்பல் கம்பெனி நிலைக்கல. ஆர்வத்துக்கும் சந்தாவுக்கும் நடுவுல ஒரு காரியம் எப்படித் தள்ளாடும்னு எங்க ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. ரேடியோவுல பெரிய முதலாளிகளும் தேறலை. இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனின்னு ஒண்ணு 1927ல பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெரிய நிலையம் தொறந்தாங்க, 1930 மார்ச்சுல அதுவும் படுத்துருச்சு. அப்புறம்தான் சர்க்கார் அதைக் கையில எடுத்துச்சு.

மெட்ராஸ் கிளப் ஒரு நல்ல வேலை பண்ணிட்டுப் போச்சு. கருவியைப் பழைய இரும்புக்குப் போடாம மெட்ராஸ் கார்ப்பரேஷன் கையில ஒப்படைச்சது. கார்ப்பரேஷன் 1930 ஏப்ரல் 1ல இருந்து சாயங்கால ஒலிபரப்பு நடத்துச்சு. கடற்கரையிலும் பூங்காவுலயும் ஒலிபெருக்கி கட்டி வச்சாங்க, ரேடியோ வாங்க வக்கில்லாதவனும் உக்காந்து கேட்டான். எட்டு வருஷம் அப்படி ஓடி, 1938 ஜூன் 16ல ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸ் நிலையம் வந்துச்சு. அடுத்த வருஷம் மே 16ல திருச்சி. கிளப் ஆரம்பிச்சதும் ஒரு மே 16தான். யாரும் யோசிச்சு வச்ச தேதியா இருக்காது, ஆனாலும் எனக்கு அது பிடிச்சிருக்கு.

கடலுக்கு அந்தப் பக்கமும் கதை இதேதான். கொழும்புல தந்தி இலாகா இன்ஜினியர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலோட ரேடியோச் சாமான்களை வச்சு 1920கள்ல சோதனை ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பர்ல கொழும்பு ரேடியோ முறைப்படி ஆரம்பமாச்சு. அதோட பேரப்பிள்ளைதான் நாம வயக்காட்டுல கேட்டுக்கிட்டே களை பறிச்ச இலங்கை வானொலி. எங்க பக்கத்துக் கரிசக்காட்டுல மெட்ராஸ் எடுக்காது, திருச்சி இழுத்துப் பறிச்சு எடுக்கும், கொழும்பு பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி எடுக்கும்.

சரி, அண்ணாச்சிக்கு வர்றேன். பேர் எழுதல. அவருக்குக் கொடுத்திருந்த கால் சைன் எழுத்தும் எழுதல. அவர் பிள்ளைங்ககிட்ட நான் கேக்கலை.

அண்ணாச்சி ரெண்டாம் உலகப் போர்ல சிக்னல் பிரிவுல இருந்தவர். ஜபல்பூர்ல பயிற்சி, அப்புறம் இம்பால் பக்கம். அவருக்குக் கொடுத்த செட்டுக்குப் பேரு 19ம் நம்பர் வயர்லெஸ் செட். டாங்கிகள்ல வைக்கிறதுக்காகச் செஞ்சது. கனடாவுல செஞ்சு வந்த செட்டுகள்ல முகப்புல இங்கிலீஷும் ரஷ்ய எழுத்தும் சேர்ந்து இருக்கும், ரஷ்யாவுக்கும் அனுப்பினதால. கடைசியா ஏரியலுக்குச் சக்தியைத் தள்ளுற வால்வு அந்தச் செட்டுல 807.

807ங்கிறது அமெரிக்காவுல ஆர்.சி.ஏ. கம்பெனி 1930கள்ல கொண்டு வந்த வால்வு. ஒரு சின்ன இளநீர்க் குரும்பை நீளம் இருக்கும். அடியில அஞ்சு பின், தலையில ஒரு உலோகக் குல்லா. அந்தக் குல்லாவுலதான் எமன் உக்காந்திருக்கான், 600 வோல்ட். இந்த வால்வோட விசேஷம் என்னன்னா, டிரான்ஸ்மிட்டர்லயும் ஓடும், மைக் செட் ஆம்ப்ளிபயர்லயும் ஓடும். கட்சிக் கூட்டத்துலயும் கல்யாண வீட்டுலயும் ஜோடியாப் போட்டு ஒலிபெருக்கிக் குழாயை அலற விட்டதும் இதேதான். போர் முடிஞ்சதும் ராணுவத்துல மிச்சமான செட்டுகள் பழைய சாமான் கடைக்கு வந்துச்சு. அண்ணாச்சி ஊர் திரும்பின கொஞ்ச நாள்ல மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுல அதே 19ம் நம்பர் செட் ஒண்ணு கேப்பாரில்லாமக் கெடந்ததைப் பார்த்து வாங்கிட்டு வந்தாராம். "பர்மாவுல என்னைக் காப்பாத்துனதை நான் இங்க காப்பாத்த வேணாமா"ன்னு கேப்பார். மைக் செட் கடை அதுக்கப்புறம் வந்தது. பகல்ல அது சோறு போடும், ராத்திரியில மாடி ரூம்ல ரேடியோ.

போருக்கு முன்னாடி அமெச்சூர் லைசென்ஸ் வச்சிருந்தவங்களுக்கு 1939ல என்ன நடந்துச்சுன்னு அண்ணாச்சிதான் சொன்னார். போர்னு அறிவிச்சதும் வெள்ளைக்காரன் புது லைசென்ஸை நிறுத்தினான். ஏற்கனவே இருந்தவங்க டிரான்ஸ்மிட்டரைப் போலீஸ்ல ஒப்படைக்கணும்னு உத்தரவு. எத்தனையோ பேரு கையால சுத்தின காயில் எல்லாம் அப்படியே ஸ்டேஷனுக்குப் போச்சு. ஆனா கருவியைப் பிடுங்கலாம், கையில இருக்குற பழக்கத்தைப் பிடுங்க முடியாதே. நரிமன் பிரின்டர்ங்கிறவர் அப்படி லைசென்ஸ் போன ஒரு அமெச்சூர். 1942ல வெள்ளையனே வெளியேறு போராட்டம் ஆரம்பிச்சதும் பம்பாயில உஷா மேத்தாவும் அவங்க கூட்டாளிகளும் காங்கிரஸ் ரேடியோன்னு ரகசியமா நடத்தினாங்களே, அதுக்கு டிரான்ஸ்மிட்டர் பூட்டிக் கொடுத்தது இவர்தான். அறிவிப்புல 42.34 மீட்டர்னு சொல்லுவாங்க. இப்பவும் அமெச்சூர் ஆளுங்க பேசுற 40 மீட்டர் வரிசைக்குப் பக்கத்துலதான் அது. வீடு மாத்தி வீடு மாத்தி, ஆகஸ்ட் கடைசியில இருந்து நவம்பர் 12 வரைக்கும் ஓட்டினாங்க. பிடிபட்டு உஷா மேத்தாவுக்கு நாலு வருஷம் ஜெயில்.

இதுல மைக் செட் ஆளுங்களுக்கும் பங்கு உண்டு. காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டின சிகாகோ ரேடியோ கம்பெனிக்காரர் நானக் மோத்வானேயும் அந்த வழக்குல மாட்டினவர். பழைய போட்டோக்கள்ல காந்தி முன்னாடி இருக்குற மைக்குல சிகாகோன்னு எழுதியிருக்கும், பார்த்திருப்பீங்க. அண்ணாச்சி கடையிலயும் அப்படி ஒரு போட்டோ தொங்குச்சு. சாமி படம் அடுத்த ஆணியிலதான்.

வீடு மாத்தி வீடு மாத்தி ஓட்டுறதுன்னா என்ன சிரமம்னு டியூன் பண்ணத் தெரிஞ்சவனுக்குத்தான் புரியும். கம்பி கட்டுற இடம் மாறினா, உயரம் மாறினா, பக்கத்துல ஒரு தகரக் கூரை இருந்தாக் கூட எல்லாக் குமிழும் மாறிப் போகும். ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து முள்ளைத் தேடணும். போலீஸ் தேடுது, இவங்க முள்ளைத் தேடுறாங்க.

எனக்கு அந்த வித்தை பழக்கமானது 1984, 85 வாக்குல. பத்தாவது முடிச்சிட்டு வேலை இல்லாம சுத்திக்கிட்டு இருந்தேன். பாலவனத்தத்துல பஸ் ஏறி அருப்புக்கோட்டை போயி அவர் கடையில ஒலிபெருக்கிக் குழாய் தூக்குற வேலை. ஒரு நாள் ராத்திரி மாடிக்கு வரச் சொன்னார். மேஜை மேல அலுமினியச் சட்டம், அதுல ரெண்டு 807. அதுதான் அவர் பூட்டின ஆம்ப்ளிபயர். மொட்டை மாடியில ரெண்டு மூங்கிலுக்கு நடுவுல 66 அடி செம்புக் கம்பி. முதல்ல ஏரியலைக் கழட்டிட்டு, அந்த இடத்துல ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பை மாட்டினார். பழகும்போது ஆகாசத்துல குப்பை கொட்டக் கூடாது, பல்புல கொட்டுன்னார்.

"ஒரு கையை டவுசர் பையில போடு தம்பி"ங்கிறதுதான் முதல் பாடம். ரெண்டு கையும் உள்ள விட்டா கரண்டு ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா மறு கையில இறங்கும். சுவிட்சை அணைச்சாலும் கண்டன்சர்ல 600 வோல்ட் பதுங்கிக்கிட்டு இருக்கும். ஒரு தடவை நான் அதை மறந்து, நாற்காலியோட மல்லாந்தேன். கண் முழிச்சதும் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். திட்டுவார்னு நெனைச்சேன். பேசாம ஒரு டம்ளர் தண்ணி கொடுத்துட்டு, அன்னைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திட்டார்.

அந்தச் சட்டத்துல பெருசா ரெண்டு குமிழ். ஒண்ணு டியூன், ஒண்ணு லோடு. ரெண்டுமே கேங் கண்டன்சர். தகடுகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு வெளிய வரும். நடுவுல செம்புக் காயில். முன்னாடி ஒரு மில்லி ஆம்பியர் மீட்டர். வால்வு எவ்வளவு கரண்டு இழுக்குதுன்னு அது காட்டும்.

வேலை இப்படி. லோடு குமிழை முழுசா மூடி வச்சிடணும். கொஞ்சமா சிக்னல் கொடுத்து கீயை அழுத்தினா முள்ளு துள்ளிக்கிட்டு மேல போகும். அந்த நேரத்துல டியூன் குமிழைச் சட்டுனு திருகணும். ஒரு இடத்துல முள்ளு தொப்புனு கீழ விழும். அதுக்கு அவங்க பாஷையில டிப். அண்ணாச்சி "பள்ளம்"னு சொல்லுவார். பள்ளம் ஏன் விழுதுன்னா, காயிலும் கண்டன்சரும் அந்த இடத்துல ஊஞ்சல் மாதிரி தானே ஆட ஆரம்பிச்சிருது. ஆடுற ஊஞ்சலுக்கு விரலால ஒரு தட்டு போதும், தம் கட்டித் தள்ள வேண்டாம். அதனால வால்வு இழுக்குற கரண்டு குறையுது. பள்ளம் கண்டுபிடிக்க மூணு நாலு வினாடிக்கு மேல எடுத்தா வால்வுக்குள்ள இருக்குற தகடு சிவக்கும். முதல்ல மங்கலா, விளக்கு வைக்கிற நேரத்து வானம் மாதிரி. அப்புறம் கொல்லன் உலையில பழுத்த கொழு மாதிரி. அந்தச் சிவப்பைப் பார்த்துட்டா கையை எடுத்திடணும். ஒரு வால்வு அன்னைக்கு ஒரு வாரக் கூலி.

பள்ளத்தைப் பிடிச்சாச்சுன்னா வேலை முடியல. அது வெறும் ஊஞ்சல், அதுல ஆள் இல்ல. இப்ப லோடு குமிழைக் கொஞ்சம் திறக்கணும். முள்ளு கொஞ்சம் ஏறும், பல்பு மினுக்குனு எரியும். திரும்ப டியூன், திரும்பப் பள்ளம். இந்தத் தடவை பள்ளம் முன்னை மாதிரி ஆழமா இருக்காது. மறுபடி லோடு, மறுபடி டியூன். அப்படியே படிப்படியா, பள்ளத்தோட அடி வால்வுக்குச் சொல்லியிருக்குற அளவுக்கு வந்து நிக்குற வரைக்கும். 807 ஒண்ணுக்கு 100 மில்லி ஆம்பியர். பல்பு பளிச்சுனு எரியும். அதுக்கு மேல பேராசைப்பட்டு லோடைத் திறந்தா பள்ளமே காணாமப் போயிரும், முள்ளு ஏறும், பல்பு மங்கும்.

இது எனக்கு முதல்ல விளங்கவே இல்ல. ரெண்டு குமிழை மாத்தி மாத்தித் திருகுறது ஏன்னு கேட்டேன். அவர் கேட்டார், "ஒங்க அய்யா கமலை எறைச்சிருக்காரா?"

எறைச்சிருக்கார். ஆயில் இன்ஜின் வர்றதுக்கு முன்னாடி எங்க கிணத்துல கமலைதான். மாடு பள்ளத்துல இறங்கி வடத்தை இழுக்கும், கூனை தண்ணியோட மேல வரும், தோல் வால் வழியா தொட்டியில கொட்டும். "கூனை பாதி ரொம்பி வந்தா மாட்டுக்குச் சொகம், தோட்டத்துக்குத் தண்ணி இல்ல. தளும்பத் தளும்ப ரொப்பி, சேத்தையும் சேத்து அள்ளினா மாடு முட்டி போட்டுரும். மாடு எவ்வளவு இழுக்கும்னு பார்த்துத்தானே கூனையை முக்குவாரு. கூனை கனம் மாறினா மாட்டை ஓட்டுற நடையும் மாறும்ல? மாட்டு நடை டியூன், கூனை முங்குறது லோடு. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணையும் தொடணும்."

வால்வு 600 வோல்ட்டுல கொஞ்சூண்டு கரண்டைத் தள்ளுற ஆள். கணக்குப்படி அதுக்கு எதிர்ல 3000 ஓம் மாதிரி தடை இருக்கணும்னு எதிர்பார்க்கும். மாடியில கட்டின கம்பியோ 70 ஓம்தான். ரெண்டையும் பொருத்தி வைக்கிற தரகர்தான் அந்தக் காயிலும் ரெண்டு கண்டன்சரும். இதை நான் பிற்பாடு புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா படிக்கிறதுக்கு முன்னாடியே கமலையில எனக்குப் புரிஞ்சிருச்சு.

பல்புல பழகி முடிச்சு, ஒரு விடியக்காலை ஏரியலை மாட்ட விட்டார். 7 மெகாவுல அவர் பேசுறதை அன்னைக்குத்தான் கிட்ட இருந்து கேட்டேன். கொழும்புல இருந்து ஒருத்தர், மலேசியாவுல இருந்து ஒரு தமிழர். எங்க ஊர்ல மழை பெய்ஞ்சதான்னு மலேசியாக்காரர் கேட்டார். பெய்யலைன்னு அண்ணாச்சி சொன்னார். இவ்வளவுதான் பேச்சு. ஆனா ரெண்டு பாட்டில் வால்வு வழியா எங்க மழை இல்லாத சேதி கடல் தாண்டிப் போச்சேன்னு எனக்கு அன்னைக்கு முழுக்க வேலை ஓடலை.

அந்தச் சமயத்துல ராஜீவ் காந்தி பிரதமர். அவரும் ஹாம். வியூ2ஆர்ஜி. கடைக்கு ஓட்டு கேட்டு எந்தக் கட்சிக்காரன் வந்தாலும் அண்ணாச்சி சொல்லுவார், "நான் பிரதமர் கட்சி. ஆனா காங்கிரஸ் இல்ல, ஹாம் கட்சி." 1948ல அமெச்சூர் ஆளுங்களுக்குன்னு நாடு தழுவின சங்கம் மறுபடி முளைச்சதே மாவ்ங்கிற ஊர்ல, ராணுவ சிக்னல் பள்ளியிலதான்னு அவருக்கு ஒரு பெருமை. 1954ல அது டெல்லிக்குப் போயி அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆப் இந்தியான்னு பேர் மாத்திக்கிச்சு. வால்வுக்கும் நாம வெளிநாட்டைப் பார்க்குறது குறைஞ்சது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961ல ரேடியோ வால்வு செய்ய ஆரம்பிச்சது. அதுக்கும் முன்னாடி 1941லயே அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செஞ்சு தர முடியும்னு கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு சொன்னார், யார் காதுலயும் ஏறலைன்னு அண்ணாச்சிக்கு ரொம்ப ஆத்தாமை.

என்னை லைசென்ஸ் எடுக்கச் சொன்னார். பரீட்சை ரெண்டு பாகம். ஒண்ணு எழுத்து, இங்கிலீஷ்ல. இன்னொண்ணு மோர்ஸ், நிமிஷத்துக்கு அஞ்சு வார்த்தை எடுக்கணும், அனுப்பணும். மோர்ஸ் எனக்கு வந்துருச்சு. ஏர் ஓட்டும்போது வாயாலயே டிட் டா போட்டுக்கிட்டுப் போவேன், அய்யா பின்னாடி நின்னு பிள்ளைக்கு என்னமோ ஆகிப் போச்சுன்னு பார்ப்பார். இங்கிலீஷைத் தமிழ்ல எழுதி வச்சு உருப்போட்டேன். பரீட்சைக்கு மெட்ராஸ் போகணும். தேதி வந்துச்சு, ஐப்பசி மாசம். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி நல்ல மழை இறங்கிருச்சு. மானாவாரிக் கரிசல்ல அந்த ஈரத்துக்கு விதைக்கலைன்னா அந்த வருஷம் போச்சு. அய்யா ஒண்ணும் சொல்லலை, விதைப் பெட்டியை எடுத்து வாசல்ல வச்சார். நான் மெட்ராஸ் போகலை.

அடுத்த வருஷம் எழுதலாம்னு அண்ணாச்சி சொன்னார். அடுத்த வருஷம் கல்யாணப் பேச்சு. அப்படியே போச்சு.

அவர் 90கள்ல தவறினார். பிள்ளைங்க வெளியூர்ல. மாடி ரூமைக் காலி பண்ணும்போது நான் போய்ச் சேர ஒரு நாள் தாமதம். 19ம் நம்பர் செட்டைப் பழைய இரும்புக்காரன் நிறுத்து எடுத்துட்டுப் போயிட்டான். செம்புக் காயிலுக்கு மட்டும் தனி விலை கொடுத்தானாம். மூலையில அட்டைப் பெட்டியில உமி போட்டு ரெண்டு 807 இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். ஒண்ணு பிறகு உடைஞ்சு போச்சு.

2004 டிசம்பர்ல சுனாமி வந்தப்ப, அந்தமான்ல எல்லாத் தொடர்பும் அறுந்து கெடந்த நேரத்துல, அமெச்சூர் ரேடியோ வேலையா போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத்ங்கிற அம்மா செட்டைப் போட்டு அங்கிருந்து சேதி அனுப்பினாங்கன்னு செய்தி வந்துச்சே, அதைக் கேட்டப்ப அண்ணாச்சி இல்லையேன்னு இருந்துச்சு. அவங்க வச்சிருந்தது டிரான்சிஸ்டர் செட்டாத்தான் இருக்கும். இப்ப வர்ற செட்டுல அதுவே பள்ளத்தைத் தேடிக்குது, டர்ருனு ஒரு சத்தம், முடிஞ்சது. ஆனா பெரிய சக்திக்கு இன்னைக்கும் வால்வு ஆம்ப்ளிபயர் வச்சிருக்குறவங்க உலகம் முழுக்க இருக்காங்க. அதுல டியூன், லோடு ரெண்டு குமிழும் அப்படியே இருக்கு. மோர்ஸ் தெரியாமலே எடுக்கிற மாதிரி இப்ப ஒரு லைசென்ஸ் இருக்குன்னும் கேள்விப்பட்டேன். எனக்கு மோர்ஸ் இன்னும் மறக்கலை.

போன பொங்கலுக்கு மகள் வீட்டுல இருந்து வந்திருந்தாங்க. பேரன் பரண்ல எதையோ தேடப் போயி அந்த 807ஐ எடுத்துட்டு வந்துட்டான். இது என்ன தாத்தா, பாட்டிலுக்குள்ள வீடு கட்டியிருக்குங்கிறான். பழைய பைக்குல கழட்டுன 6 வோல்ட் பேட்டரி ஒண்ணு கெடந்துச்சு. அடிப் பின் ரெண்டுல வயரைச் சுத்தி வச்சேன். முதல்ல ஒண்ணுமே இல்ல. முப்பது எண்ணுறதுக்குள்ள உள்ள ஒரு செவப்புக் கோடு தெரிஞ்சது. முப்பது வருஷம் உமியிலயும் பரண்லயும் கெடந்த சாமான். விளக்கை அணைக்கச் சொல்லி ரெண்டு பேரும் இருட்டுல உக்காந்து பார்த்தோம்.

"பாட்டு வரலையே தாத்தா?"

"அதுக்கு இன்னும் தலையில 600 வோல்ட் கொடுக்கணும்பா"ன்னேன்.

அவங்க அம்மா அடுப்படியில இருந்து வந்து வயரைப் பிடுங்கிட்டா.